தந்தி சித்தாண்டிக்குத்தான் போகும்

1

இன்று காலை பத்து மணிபோலத் தபால்காரன் வந்தான். ஒரே ஒரு கடிதம். சித்தாண்டியிலிருந்து என் அண்ணன் எழுதியது. உறையின் மேல் இருக்கும் அந்தக் குண்டு எழுத்தை எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும். கையில் வாங்கினேன். உள்ளே கொண்டுவந்தேன். அரிசிப் பெட்டியைத் திறந்து அரிசிக்கு மேலே வைத்து மூடினேன். பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஊர்ப் பத்திரிகைக்கு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். கடிதத்தை இன்னும் பிரிக்கவில்லை.

மட்டக்களப்பில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். கடல் கடந்து கிடக்கிறவளுக்கு ஊர்க்கடிதம் வந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டாமா? நானும் அப்படித்தான் இருந்தேன். இருபது வருஷமாக, கடிதம் வந்தால் அடுப்பில் கறி அடிப்பிடித்தாலும் பாராமல் வாசலிலேயே நின்று வாசிக்கிறவள் நான். எந்த வயல் வட்டையில் வெள்ளாண்மை நன்றாக விளைந்தது, எந்தப் பசு கன்று போட்டது, யார் வீட்டுக் கலியாணத்தில் யார் கோபித்துக்கொண்டு பந்தியில் இருந்து எழும்பினார்கள் என்று ஒன்று விடாமல் வாசித்து, அதையே என் வீட்டுக்காரருக்குத் திரும்பவும் வாசித்துக் காட்டி அவரைக் கொட்டாவி விடவைத்திருக்கிறேன்.

இந்தப் பத்து மாதமாக எனக்கு ஊர்க்கடிதம் என்றால் பயம். தபால்காரன் கையில் இலங்கை முத்திரை தெரிந்தால் கதவோரம் ஒதுங்கி நின்றுவிடுகிறேன்.

இன்றைக்கு வந்ததை எனக்கு முன்னமே யாரோ ஒருவன் வாசித்துவிட்டான். சண்டைக்காலம் என்பதால் இப்போது கடிதங்களைத் தபால் கந்தோரில் பிரித்துப் பார்த்து, ஓரத்தில் ஒரு கடதாசித் துண்டை ஒட்டித்தான் அனுப்புகிறார்கள். என் மகள் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்பது, முகம் தெரியாத ஒருவனுக்குத் தெரிந்திருக்கலாம். அவன் வாசித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பான்.

மகள் சீனத்தில் இருக்கிறாள். அவளைப் பற்றிய செய்தி ஏன் சித்தாண்டியிலிருந்து வரவேண்டும் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கடிதத்தைப் பிரிக்காமல் இருக்க ஒரு சாட்டு வேண்டும் என்பதும் உண்மைதான்.

2

நாங்கள் மலாயாவில் ஈப்போ பட்டணத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கிளாக்கர். அவருக்குப் பிறந்த ஊர் அமிர்தகழி, எனக்குச் சித்தாண்டி. நாங்கள் கப்பலேறின காலத்தில் கல்லடிப் பாலமும் இல்லை, மட்டக்களப்புக்கு ரயில் கோச்சியும் இல்லை. கரையில் வள்ளத்தில் ஏற்றி, தூரத்தில் நின்ற கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். வள்ளம் ஆட ஆட நான் முருகா முருகா என்று கத்தினேன். "இவ கத்துறதிலதான் வள்ளம் ஆடுது" என்றான் வள்ளக்காரன்.

அண்ணன் என்னை வழியனுப்ப வரவில்லை. எங்கள் குடியில் ஒரு பெண்ணும் கடல் கடந்ததில்லை, நீயும் போகக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். நான் கேட்கவில்லை. கலியாணமாகி மூன்று மாதம். புருஷன் போகிற இடத்துக்குப் போகவேண்டும் என்று அழுது அடம்பிடித்தேன். அண்ணன் வண்டியும் தரவில்லை. வேறொருவரின் வண்டியில்தான் பட்டணத்துக்குப் போனோம்.

இந்தப் பத்திரிகையை யாழ்ப்பாணத்தாரும் வாசிப்பார்கள் என்பதால் ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். எங்கள் பக்கத்தில் பிள்ளை தாயின் குடியைத்தான் சேரும். வயிற்றுவார் வழி என்போம். தகப்பன் சோறு போடுவார், கொஞ்சுவார், படிப்பிப்பார். ஆனால் பெண்ணின் காரியத்தில் வாய் திறக்க உரிமை உள்ளவன் தாயின் கூடப்பிறந்தவன். தாய்மாமன் சம்மதிக்காமல் பந்தற்கால் நடமாட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் கதை முழுக்க இதில்தான் தொங்குகிறது.

இங்கே வந்த நாள் தொடக்கம் நான் பயந்துகொண்டே இருக்கிறேன். அட்டைக்குப் பயம். ஈயம் தோண்டின பள்ளத்தில் நிற்கும் தண்ணீருக்குப் பயம். கடையில் "ஓம்" என்று தலையாட்டி, வேண்டாத சாமானைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவேனோ என்று பயம். எல்லாவற்றிலும் பெரிய பயம் கந்தோர்க் கடதாசி. மேலே அரச முடி வரைந்த கடதாசியைக் கண்டால், யாரோ என்னைப் பற்றிக் கோள் சொல்லிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைப்பேன்.

ஈப்போவில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண்கள் என்னை வைத்துப் பகிடி பண்ணுவார்கள். மட்டக்களப்பார் மந்திரம் போட்டு, ஊருக்கு வந்தவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று ஒரு கதை இருக்கிறதல்லவா, அதை எத்தனை தரம் சொன்னாலும் அவர்களுக்கு அலுக்காது. எங்கள் வீட்டுப் பாயில் உட்காரும்போது சேலையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு உட்காருவார்கள். மகள் போன பிறகு அவர்களில் ஒருத்தி, "பெத்த பிள்ளையை ஒட்டவைக்க உங்களுக்கு ஏலாமல் போச்சோ?" என்று கேட்டாள். பகிடியாகத்தான் கேட்டாள். அன்றைக்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மந்திரம் உண்மையிலே தெரிந்திருந்தால் போட்டுத்தான் இருப்பேன்.

3

மகளுக்குப் பெயர் பூரணம். ஒரே பிள்ளை. இங்கேயே பிறந்தவள். பத்தொன்பது வயதில் ஆசுபத்திரியில் தாதி வேலை பழகிக்கொண்டிருந்தாள்.

பிள்ளை எப்போது கை நழுவியது என்று எந்தத் தாய்க்கும் நாள் சொல்லத் தெரியாது. நான் "வாறன், போறன்" என்றால் அவள் "வர்றேன், போறேன்" என்பாள். மரக்கறியை "சாயோர்" என்பாள். பக்கத்து வீட்டுச் சீனப் பெண் மேய்லிங்கோடு ஒரே வகுப்பு, ஒரே சைக்கிள், பிறகு ஒரே ஆசுபத்திரி. அந்த வீட்டில் கோப்பையை வாயருகே பிடித்துக் குச்சியால் சோறு தள்ளுவாள். எங்கள் வீட்டில் கையால் பிசைவாள். சீனச் சொல் சரளமாக வரும். தமிழ்க் கடிதத்தை எழுத்துக்கூட்டி அரை மணிநேரம் வாசிப்பாள்.

மேய்லிங்கின் தகப்பன் பிறந்த ஊரைச் சீனத்துச் சண்டையில் குண்டு போட்டு எரித்துவிட்டார்கள் என்று ஒருநாள் செய்தி வந்தது. அந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியவில்லை. பூரணம் அங்கேயே கிடந்தாள். அவள் திரும்பி வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. எனக்கு அப்போதே பயம் பிடித்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நான் ஒரு இடத்துக்குப் பேர் குடுத்திருக்கிறேன்" என்றாள்.

"எங்க? படக்கொட்டகைக்கா?"

"சீனாவுக்கு."

அகப்பை என் கையில் இருந்தபடியே இருந்தது.

"காயப்பட்டவங்களப் பார்க்க ஆள் கேட்கிறாங்க. பதினெட்டு வயசுக்கு மேல, எந்தச் சாதி, எந்த நாடு ஆனாலும் சரி. ஒரு வருஷம். மேய்லிங்கும் வர்றா. சம்பளம் இல்ல, சாப்பாடும் உடுப்பும் தருவாங்க."

"அவ போறது அவட நாட்டுக்கு. நீ என்னத்துக்குப் போறாய்? உனக்கு அங்க யார் இரிக்கா?"

"இங்க மட்டும் எனக்கு யாரு இருக்காங்க? நீங்க ரெண்டு பேரும்தான். மலாயா உங்க நாடா அம்மா? நீங்க வந்தீங்கதானே."

"நான் புருஷனோட வந்தன். குண்டுக்குள்ள வரல்ல."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சோற்றைப் பார்த்தார். "அவ உன்ட குடிப் புள்ள. நான் என்னத்தச் சொல்லுற?" என்றார். இருபது வருஷம் ஆங்கிலத்தில் எழுதிப் பழகின மனிதர். ஆனாலும் அமிர்தகழியை விட்டு ஓரடி நகரவில்லை.

அன்றைக்குச் சாப்பிட்டது அவர் மட்டும்தான்.

4

இரண்டு நாள் கழித்துப் படிவம் வந்தது. ஐந்து பக்கம். அம்மை குத்தியதா, பல் எத்தனை, எந்தச் சமயம், எத்தனை பாஷை என்று கேள்விகள். கடைசிப் பக்கத்தில், இருபத்தொரு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குத் தகப்பன் அல்லது பாதுகாவலர் கையெழுத்து வைக்கவேண்டும் என்று இருந்தது. அவர் மொழிபெயர்த்துச் சொன்னார். அந்த இடத்தில் என் மூளை வேலை செய்தது. பயந்தவளுக்கு மூளை நன்றாகவே வேலை செய்யும்.

"அப்ப அண்ணன்ட கையெழுத்துத்தான் வேணும்" என்றேன்.

அவர் யோசித்தார். யோசித்துவிட்டு, "ஓம், அதுதான் முறை" என்றார். அவர் மனதில் களவில்லை. பாதுகாவலர் பெயர் என்ற இடத்தில் தன் அழகான ஆங்கில எழுத்தில் என் அண்ணன் பெயரையும், தாய்மாமன், சித்தாண்டி, மட்டக்களப்பு என்றும் எழுதினார். எங்கள் பக்கத்து ஆள் ஒருவரைத் தவிர உலகத்தில் வேறு எந்தத் தகப்பனும் அந்த இடத்தில் அப்படி எழுதியிருக்கமாட்டான்.

கடைசித் திகதிக்கு முப்பத்தைந்து நாள் இருந்தது. கடிதம் போக இரண்டு கிழமை, வர இரண்டு கிழமை, அதிலேயே இருபத்தெட்டு நாள் போய்விடும். என் அண்ணன் வெறும் சுகக் கடிதத்துக்கே ஒரு மாதம் எடுப்பவர். போதாததற்கு, பெண்கள் கடல் கடப்பதைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பது எனக்குத் தெரியும். இவ்வளவும் போதாதென்று நான் தனியாக ஒரு துண்டும் எழுதி வைத்தேன்: கையெழுத்து வைக்காதீங்க. வைக்கிறதெண்டாலும் சுணக்கி, நாள் கடத்தி வைங்க.

பூரணத்துக்கு இது பிடிக்கவில்லை. "அப்பா இங்க இருக்கும்போது மாமா எதுக்கு?" என்றாள். அவள் அந்த மாமாவைக் கண்ணால் கண்டதே இல்லை.

அவளை எனக்கு முன்னால் உட்காரவைத்தேன். எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். குடி என்றால் என்ன, வயிற்றுவார் என்றால் என்ன என்று எல்லாம் சொன்னேன். பத்தொன்பது வருஷம் சொல்லாமல் விட்டதையெல்லாம் அந்த அரை மணிநேரத்தில் சொன்னேன். முடிவில் சொன்னது இது: "உனக்கு நல்லது கெட்டது எதெண்டாலும் முதல்ல மாமாவுக்குத்தான் தெரியவேணும். எனக்கும் அப்பாவுக்கும் பிறகுதான்."

நான் ஊர்க்கதை எடுத்தால் எழும்பி ஓடுகிற பிள்ளை அன்று தலையைச் சரித்துக் கவனமாகக் கேட்டாள். "சரி அம்மா" என்றாள். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

5

முப்பதாம் நாள் படிவம் திரும்பி வந்தது.

என் அண்ணன் கையெழுத்து வைத்திருந்தார். அவர் மட்டும் வைக்கவில்லை. படிவத்தை வெள்ளிக்கிழமைப் பூசைக்குக் கோயிலுக்குக் கொண்டுபோய், குடிப் பெரியவர்களைக் கூட்டி, விஷயத்தைச் சொல்லி, அவர்களையும் கேட்டிருக்கிறார். அவருடைய கையெழுத்துக்குக் கீழே நான்கு கையெழுத்தும் ஒரு பெருவிரல் அடையாளமும் இருந்தன. மடிப்பெல்லாம் விபூதி. கூடவே எனக்கு ஒரு கடிதம்:

"தங்கச்சி, உன்ட துண்டும் கண்டன். நீ கப்பல் ஏறக்குள்ள நான் மறிச்சன். நீ கேக்கல்ல. நான் வண்டியும் தரல்ல, கரைக்கும் வரல்ல. அந்தக் குறை எனக்கு இன்னும் இரிக்கி. இப்ப என்னக் கொண்டு உன்ட மகள மறிக்கப் பாக்கிறாய். உனக்குப் பயமெண்டா நீயே அவளுக்குச் சொல்லு. உன்ட பயத்துக்கு என்ட கையெழுத்தக் கேக்காத. புள்ள காயப்பட்டவனப் பாக்கப் போறன் எண்டுதானே கேக்குது. குடியில எல்லாரும் கூடித்தான் வெச்சம். முருகன் பாப்பான்."

மேசையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். திரும்பி வந்தபோது பூரணம் அந்தக் கடிதத்தை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். விரலை வைத்து வைத்து வாசித்தாள். நான் பறித்திருக்கலாம். பறிக்கவில்லை. வாசித்து முடித்து, மடித்து, இருந்த இடத்தில் வைத்தாள். அவள் என்னோடு சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் அவளும் அவரும் நானும் படிவத்தோடு, சீனத்துக்கு ஆள் சேர்க்கும் நிவாரணக் கந்தோருக்குப் போனோம். மேசையில் இருந்த சீனப் பெடியன் கையெழுத்துகளை எண்ணினான். "இந்தப் பெண்ணுக்கு ஆறு தகப்பனா?" என்று அவரைக் கேட்டான். அவர் தாய்மாமன் முறையை ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினார். பெடியன் மரியாதையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, தகப்பன் இதே ஊரில் உயிரோடு இருக்கும்போது வேறு யாருடைய கையெழுத்தும் செல்லாது என்று சொல்லி, கடைசிப் பக்கத்துக்குப் பதிலாகப் புதுப் பக்கம் ஒன்று தந்தான்.

அவர் பேனையைக் கையில் எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை அசைத்தால் போதும், வைத்திருக்கமாட்டார். எனக்காக அந்த மனிதர் இன்னும் இருபது வருஷம் மகளின் கோபத்தைச் சுமந்திருப்பார். பூரணம் வாசற்பக்கம் திரும்பி நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. பார்த்துக் கெஞ்சியிருந்தால்கூட மறுத்திருப்பேன்.

"வைங்க" என்றேன்.

இதைத் தைரியம் என்று யாரும் நினைத்துவிடவேண்டாம். வெட்கத்தில் சொன்னேன். ஒரு துண்டுக் கடதாசியால் பெற்ற பிள்ளையை ஏமாற்றப் போய் அகப்பட்டுக்கொண்ட வெட்கம். இன்று யோசித்தால், வெட்கப்பட்டுக்கொண்டே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம் என்றும் படுகிறது.

செல்லாத பக்கத்தைப் பெடியன் கிழிக்கப் போனான். பூரணம் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். "இத நான் கொண்டுபோறேன்" என்றாள். விபூதியோடு அப்படியே மடித்துப் பையில் வைத்தாள்.

6

பினாங்குக்குக் கோச்சியில் போய் வழியனுப்பினோம். அங்கிருந்து ரங்கூனுக்குக் கப்பல், பிறகு ரயில், பிறகு மலைமேல் லொறி. துறைமுகத்தில் இருபது பிள்ளைகள் நின்றார்கள். சாரதிகள், தாதிகள், கொம்பவுண்டர் வேலை தெரிந்தவர்கள். சீனர், யாவாக்காரர், ஒரு பர்மாப் பெடியன், என் மகள். எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளைகளுக்குப் பயம் தெரியவில்லை என்று அவர்களைப் பெற்றவர்கள் அத்தனை பேரும் அவர்களுக்காகவும் சேர்த்துப் பயந்துகொண்டு நின்றோம். கப்பலேற முன்னால் பூரணம் என் காலைத் தொட்டாள். "போயிட்டு வாறன் அம்மா" என்றாள். தன் வழக்கப்படி "வர்றேன்" என்று சொல்லவில்லை.

கடிதங்கள் வந்தன. ஆசுபத்திரி ஒரு மலைக்குகைக்குள் இருக்கிறது, குளிர் பொல்லாதது, காயத்துணியை அவித்து அவித்துக் கை வெந்துவிட்டது என்று எழுதினாள். சாப்பிட உட்கார்ந்தால் ஐந்து பாஷை கேட்கிறது, யாருக்கும் யாருடைய பகிடியும் விளங்காது, ஆனாலும் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று எழுதினாள். குண்டைப் பற்றி எழுதவில்லை. ஆசுபத்திரி ஏன் குகைக்குள் இருக்கிறது என்று எனக்கு விளங்காது என்று நினைத்துவிட்டாள்.

அவள் போய் இரண்டு மாதம் கழித்து, கந்தோரிலிருந்து அவளைப் பற்றிய விவரங்களின் பிரதி ஒன்று வந்தது. அவர் வாசித்துக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார்.

"என்ன?" என்றேன்.

"நோய், விபத்து, மரணம் ஏதாவது எண்டா தந்தி அனுப்பவேண்டிய ஆள்" என்று சொல்லிவிட்டு, மெதுவாக வாசித்தார். என் அண்ணன் பெயர். தாய்மாமன், சித்தாண்டி, மட்டக்களப்பு.

அடுத்த நாளே கந்தோருக்கு ஓடினேன். அதே பெடியன். மாற்றித் தா என்று அவரைக்கொண்டு கேட்டேன். அவன் இரக்கப்பட்டான். ஆனால், சேர்ந்தவர் தன் கையால் எழுதிக் கையெழுத்து வைத்தால்தான் மாற்றலாம், தாய் கேட்டாலும் ஏலாது என்றான். பூரணத்துக்கு எழுதினேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: "நீங்கதானே அம்மா சொன்னீங்க, நல்லது கெட்டது எதெண்டாலும் முதல்ல மாமாவுக்குத்தான் தெரியவேணும் எண்டு. அதுதான் போட்டன். பிழையா? மாத்தவா?"

மாற்று, மாற்று என்று அன்றைக்கே எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை; பிறகு வந்த கடிதங்களிலும் அந்தப் பேச்சு இல்லை. பர்மாவிலிருந்து போகும் மலைப்பாதையை மூடிவிட்டார்கள் என்று பத்திரிகையில் போட்டார்கள். மூன்று மாதமாக அவளிடமிருந்து ஒரு வரி இல்லை. ஒரு வருஷத் தவணை போன கிழமையோடு முடிந்தது. கந்தோரில் கேட்டால், எங்களுக்கு ஒன்றும் வரவில்லை, வருகிற செய்தி நேரே கொடுத்த விலாசத்துக்குத்தான் போகும் என்கிறார்கள்.

"அவ தெரியாமத்தான் போட்டாளெண்டு நினைக்கிறாயா புள்ள?" என்று ஒருநாள் அவர் கேட்டார். "வாசல்ல தந்தியக் கண்டா உனக்கு என்ன ஆகும் எண்டு அவளுக்குத் தெரியும்." எனக்கு எதை நம்புவதென்று தெரியவில்லை. நான் சூழ்ச்சிக்காகச் சொன்ன வழக்கத்தை மெய் என்று எடுத்துப் போட்டாளா, எனக்கு இரங்கிப் போட்டாளா? இரண்டும் நெஞ்சைச் சுடுகிறது.

என் அண்ணன் பிறந்ததிலிருந்து ஒருவருக்கும் தந்தி அடித்ததில்லை. அப்படி ஒன்று வந்தால் அவர் முதலில் குடியைக் கூட்டுவார். இதையெல்லாம் தந்தியில் சொல்லக்கூடாது என்று, ஆற அமர எனக்கு ஒரு கடிதம் எழுதுவார். அது கடலைத் தாண்டி, முகம் தெரியாத ஒருவன் பிரித்து ஒட்டி, என் வாசலுக்கு வரும். அத்தனை நாளும் நான் கறி ஆக்கிக்கொண்டிருப்பேன். அவளுக்குப் பின்னல் சட்டை பின்னிக்கொண்டிருப்பேன். ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கூட இருப்பேன். இதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கமுடியவில்லை. ஆகவே, தந்தி வந்தால் அந்த நிமிஷமே எனக்குத் தந்தி அடியுங்கள் என்று போன மாதம் அண்ணனுக்கு எழுதினேன்.

பூரணம் போன செய்தி அறிந்து, மட்டக்களப்பில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர், இப்படியான வேலைக்கு எப்படிச் சேர்வது என்று எனக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இதிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். போங்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. போனால், தந்தி யாருக்கு என்ற இடத்தில் உங்கள் அம்மாவின் பெயரை எழுதுங்கள். அவள் எவ்வளவு பயந்தவளாக இருந்தாலும் அவள் பெயரையே எழுதுங்கள்.

7

இதுவரை பகலில் எழுதியது. இனி எழுதுவது என் வீட்டுக்காரர் வேலை விட்டு வந்த பிறகு.

வந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "எங்க வெச்சிரிக்காய்?" என்று கேட்டார். அரிசிப் பெட்டியைக் காட்டினேன். கடிதத்தை எடுத்து அரிசியைத் தட்டிவிட்டு, ஒட்டுக் கடதாசியைக் கத்தியால் கீறினார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் உரத்து வாசித்தார்:

"முருகன் துணை. தங்கச்சிக்கு. உன்ட கடிதம் கிடைச்சிது. தந்தி வந்தா உடன தந்தி அடிக்கச் சொல்லியிரிக்காய். அடிப்பன். நான் வட்டையில நிக்கக்குள்ள வந்து, ஆளில்லாமக் கிடந்திரும் எண்டு, நானே ஒவ்வொரு நாளும் ஏறாவூர்த் தபால் கந்தோருக்குப் போய்க் கேக்கிறன். தந்திக்கு என்ட பேர்தான் போட்டிரிக்கி எண்டு எனக்கும் கடதாசி வந்திது. அண்டைக்குத் தொடங்கினது, இன்னும் போறன். உனக்குச் சொன்னாப் பயப்படுவாய் எண்டு சொல்லல்ல. போக ஏலாத நாளைக்குப் கந்தோருக்குப் பக்கத்துக் கடைக்காரர் லெவ்வைக் காக்கா கேட்டு வெக்கிறார். கையெழுத்து வெச்சவன் நான். எனக்கும் பயம் இரிக்கி தங்கச்சி. இண்டைக்கும் போனன். ஒண்டும் வரல்ல. இதச் சொல்லத்தான் எழுதுறன்."

அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா சிரித்தேனா தெரியவில்லை. அவர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். "ஒண்டும் வரல்லயாம் புள்ள, ஒண்டும் வரல்லயாம்" என்று இரண்டு தரம் சொன்னார். மாதக்கணக்காக, வெயிலும் மழையும் பாராமல் என் அண்ணன் சித்தாண்டியிலிருந்து ஏறாவூருக்கு நடந்திருக்கிறார். கண்ணால் காணாத மருமகளுக்காக. கரைக்கு வராத குறையை அப்படித் தீர்க்கிறார் போலிருக்கிறது. எழும்பி அடுப்பை மூட்டினேன். காலையிலிருந்து அப்போதுதான் எனக்குப் பசித்தது.

சோறு கொதிக்கும்போது கடிதத்தை நான் ஒரு தரம் கையில் எடுத்தேன். மேல் மூலையில் அண்ணன் திகதி போட்டிருந்தார். விரலை மடக்கி எண்ணினேன். பிழையோ என்று திரும்பவும் எண்ணினேன். அவருடைய "இண்டைக்கு" பத்தொன்பது நாளுக்கு முந்தியது.

இன்றைக்கும் அண்ணன் ஏறாவூருக்குப் போயிருப்பார். கந்தோர் வாசலில் நின்று கேட்டிருப்பார். அவருக்கு என்ன சொன்னார்கள் என்பது, இதை வாசிக்கும்போது, ஊரில் இருக்கும் உங்களுக்குத் தெரியும். கெட்டது என்றால் எனக்குத் தந்தி வரும்; ஒன்றும் வரவில்லை என்பது தெரிய இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது.